கழுத்துக்குள் ஒரு காவல்

பெரியமுத்துவுக்கு நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனைக்கரை ஏலத்தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஸ்டோரில் காய் உலர்த்தும் அறைக்கு வெளியே ஒரு பெரிய அடுப்பு உண்டு. அதன் சூடு தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றி வந்து மறுபக்கம் வெளியேறும். அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. சூடு ஏறினால் காய் வெடித்துப்போகும், இறங்கினால் பச்சை நிறம் வெளுத்துவிடும். குழாயில் எங்கேயாவது ஓட்டை விழுந்து புகை உள்ளே கசிந்தாலோ காயில் நாற்றம் ஏறும், துரை வாய்க்கு வந்தபடி பேசுவார். அதனால் பெரியமுத்துவுக்கு உலகத்தில் பகை என்று ஒன்று இருந்தால் அது புகைதான். புகையாத நெருப்பு நல்ல நெருப்பு என்பது அவன் தீர்மானம்.

இப்படித் தீர்மானித்ததற்காக அவனை யாரும் குறை சொல்ல முடியாது. அடுப்படியில் நின்று கண் பழுத்துப்போனவன் வேறு எப்படி நினைப்பான்?

கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவனும் பெண்டாட்டி அழகுத்தாயும் மலையேறி வந்தபோது அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மலையில் இரண்டு பிறந்தன. இரண்டும் தீட்டுக் கழிவதற்குள் போய்விட்டன. காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. பால் குடித்துவிட்டுத் தூங்கிய பிள்ளை தூங்கியபடியே கிடந்தது. மருத்துவச்சி மூக்கம்மாள் இரண்டு தடவையும் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குளிர் அடித்துவிட்டது என்றாள். கீழ்நாட்டுப் பிள்ளைக்கு மலைக்காற்று ஆகாது, அறைக்குள் காற்றை விட்டுவிட்டீர்கள் என்று அவள் சொன்னதை அவன் மறக்கவே இல்லை. குளிரை நினைத்தாலே அவனுக்கு ஆத்திரம் வந்தது. ஆள் உருவத்தில் வந்திருந்தால் வெட்டிப் போட்டிருப்பான்.

மூன்றாவதாக அழகுத்தாய் உண்டானாள். ஆடியில் பேறுகாலம் என்று மூக்கம்மாள் கணக்குச் சொன்னாள். ஆடி என்றால் மலையில் சூரியனே கிடையாது. மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். அவனுக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

பிள்ளை பெற்றவளைக் காற்றுப் படாமல் வைப்பதும் கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி வைப்பதும் அவர்கள் ஊர் வழக்கம். ஊரில் அது சரிதான். அங்கே மண்சுவரும் கூரையும் உள்ள வீடு. என்னதான் அடைத்தாலும் ஓலைக்கு நடுவில் காற்று தன்பாட்டுக்கு வந்து போகும். தோட்டத்து லயம் அப்படியில்லை. கருங்கல் சுவர், தகரக் கூரை, வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு கதவும் ஒரு பலகை ஜன்னலும். இங்கே அடைத்தால் அடைத்ததுதான். வழக்கம் மட்டும் மலையேறி வந்துவிட்டது, ஓலைக்கூரை வரவில்லை.

முதல் இரண்டு தடவையும் அரைகுறையாக அடைத்துவிட்டோம் என்று நினைத்தான் பெரியமுத்து. இந்தத் தடவை ஆனி மாதமே வேலையை ஆரம்பித்தான். சுவரும் தகரமும் சேருகிற இடத்தில் சாணியும் மண்ணும் பிசைந்து அப்பினான். ஜன்னல் பலகைக்கு மேல் பழைய ஏலக்காய்ச் சாக்கை இரண்டாக மடித்து ஆணி அடித்தான். கதவுக்குக் கீழே செருக ஒரு சாக்கைச் சுருட்டி வைத்தான். ஸ்டோர் அடுப்பில் வெந்து இறங்கும் கரியில் கெட்டியானதாகப் பொறுக்கி, நனையாமல் ஒரு தகர டப்பாவில் சேர்த்தான். ஈர விறகு புகையும், பிள்ளைக்கு இருமல் வரும். கரி புகையாது. கையை மேலே காட்டினால் சூடு மட்டும் தெரியும், கண் கரிக்காது, தும்மல்கூட வராது. இதைவிட நல்ல நெருப்பை அவன் எங்கே தேடுவான்?

பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழுத அழுகையில் பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். சின்னையன் என்று பெரியப்பன் பேரை வைத்தான் பெரியமுத்து.

அவன் மடையன் இல்லை. இப்படி அடைத்த அறையில் மூச்சு முட்டாதா என்ற கேள்வி அவனுக்கும் வந்தது. கீழே இருந்த காலத்தில் கிணறு வெட்டப் போயிருக்கிறான். பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் அங்கே கெட்ட காற்று, யாரும் இறங்கக் கூடாது. அதே மாதிரி ஒரு சிமிழ் விளக்கை ஏற்றித் தரையில், தணல் சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தான். சுடர் ஆடாமல் அசையாமல் எரிந்தது. அப்படியும் மனசு கேட்காமல் தோட்டத்து டாக்டர் பவுல்ராஜைப் பார்க்கப் போனான்.

பவுல்ராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். பட்டணத்தில் படித்தவர், இளவயது, கெட்டவர் இல்லை. மலையில் அவருக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. சீமையிலிருந்து வரும் வைத்தியப் பத்திரிகையை வரவழைத்துப் படிப்பார். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் லயத்துக்குள் அவர் காலை வைத்ததில்லை. நோயாளிதான் டிஸ்பென்சரிக்கு வர வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அவருடைய வீட்டில் கணப்புக்குச் செங்கல்லில் கட்டிய புகைபோக்கி இருந்தது.

பெரியமுத்து வாசலில் நின்றபடி, அறையை இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்திருப்பதாகவும், தாயும் பிள்ளையும் தூங்கும்போது காற்றுப் பற்றாமல் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருப்பதாகவும் சொன்னான். டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. போன மாதம்தான் அதைப் பற்றிப் படித்திருந்தார். எழுந்து வந்து, அவன் தாடைக்குக் கீழே கழுத்தில் விரலை வைத்தார்.

"இந்தா, துடிக்குது பாரு. இந்த ரத்தக்குழாய் கொஞ்சம் மேல போயி ரெண்டாப் பிரியும். அந்தக் கவட்டையில நெல்லுமணி அளவுக்கு ஒரு சதை இருக்கு. அதுதான் காவக்காரன். ஓடுற ரத்தத்த ருசி பாத்துக்கிட்டே இருப்பான். காத்து கொறஞ்சாப் போதும், ஒரு ரசத்தக் கக்குவான். அது நரம்புல பட்டதும் மூளைக்குச் சேதி போயிரும். நெஞ்சு தன்னால விம்மும், தூங்குறவன் முழிச்சுக்கிடுவான். நீ பயப்படாத."

பெரியமுத்து தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பச்சைப் பிள்ளைக்கும் அது உண்டா என்று கேட்டான். உண்டு என்றார் டாக்டர். கூலிக்காரன் பிள்ளைக்குமா என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார், துரைக்கும் உனக்கும் ஆண்டவர் ஒரே மாதிரிதான் வைத்திருக்கிறார் என்றார். போகும்போது இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்.

"மூச்சு முட்டுனா ஒதடு நீலம் பாரிச்சிரும். புள்ள செவப்பா இருக்குற வரைக்கும் ஒண்ணும் இல்ல."

அறைக்குள் கணப்பு உண்டா என்று அவர் கேட்கவில்லை. உண்டு என்று இவனும் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் தணல் சட்டி இருப்பதை யாராவது தனியாகச் சொல்வார்களா? வீட்டில் தண்ணீர்ப் பானை இருக்கிறது என்று சொல்வதுபோல அல்லவா அது? கேட்டிருந்தால், கரித்தணல் என்ற ஒரு சொல் காதில் விழுந்திருந்தால், பவுல்ராஜ் அப்போதே ஓடி வந்திருப்பார். அடைத்த அறையில் கரி எரிந்தால் என்ன ஆகும் என்று படிக்காத டாக்டர் கிடையாது. அவர் அன்றைக்கு அந்த நெல்லுமணியின் மேலேயே கண்ணாக இருந்துவிட்டார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கழுத்துக்குள் அந்தக் காவல் இருப்பது நிஜம். அதன் உயிரணுக்கள் ஒவ்வொன்றும் ரசத்தைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பதும் நிஜம். ஆனால் அது ருசி பார்ப்பது எதை என்பதில்தான் வினை இருக்கிறது. நாம் இழுக்கும் பிராணவாயுவில் கொஞ்சூண்டு ரத்தத்தின் நீரில் கரைந்து ஓடும். மற்றதெல்லாம் சிவப்பணுக்களின் மேல் ஏறிப் போகும். காவல்காரன் நாக்கு வைப்பது அந்தக் கரைந்த கொஞ்சத்தில் மட்டும். கரித்தணலிலிருந்து வரும் வாயுவோ சிவப்பணுக்களில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிராணவாயுவுக்கு இடம் விடாது, இறங்கவும் இறங்காது. நீரில் கரைந்த பங்கு மட்டும் எப்போதும்போல் இருக்கும். காவல்காரன் ருசி பார்ப்பான், குறை ஒன்றும் தெரியாது, பைகளை அவிழ்க்க மாட்டான். நரம்பு சும்மா கிடக்கும். மூளை பட்டினி கிடந்து சாகிற வரைக்கும் நெஞ்சு ஒரு தடவைகூட விம்மாது. போதாக்குறைக்கு, அந்த வாயு ஏறிய ரத்தம் நல்ல ரத்தத்தைவிடச் சிவப்பாக இருக்கும்.

பெரியமுத்து மனசு லேசாகி வீட்டுக்கு வந்தான். அழகுத்தாயிடம், நம் கழுத்துக்குள் ஒருத்தன் விழித்துக்கொண்டிருக்கிறானாம், நீ நிம்மதியாகத் தூங்கு என்றான். அவள் பிள்ளையின் கழுத்து மடிப்பை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்து வந்த நாட்களில் மழை விடவே இல்லை. அழகுத்தாய்க்குத் தலையை வலித்தது. எழுந்தால் கிறுகிறுவென்று வந்தது, சாப்பிட்டது வெளியே வந்தது. மூக்கம்மாள் பத்தியம் சரியில்லை என்று கருவாட்டை நிறுத்தினாள், பிறகு பூண்டைக் கூட்டினாள். ஒருநாள் மழை கொஞ்சம் ஓய்ந்து வெயில் தலைகாட்டியபோது அழகுத்தாய் பிள்ளையோடு வாசலில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தலைவலி பறந்துவிட்டது, பிள்ளையும் கையைக் காலை ஆட்டியது. பார்த்தாயா, சூடு பட்டதும் தெளிந்துவிட்டாய் என்றான் பெரியமுத்து. குளிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவனுக்கு அன்றைக்கு உறுதியாயிற்று. அன்று சாயங்காலம் தணல் சட்டியில் இன்னும் இரண்டு கை கரியைக் கூட்டிப் போட்டான்.

பிள்ளை நாளுக்கு நாள் சிவந்தது. உதடு செக்கச்செவேலென்று இருந்தது, கன்னமும் உள்ளங்காலும் அப்படியே. லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, கருத்தவன் பிள்ளைக்கு இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேலி பேசினார்கள். கண்ணேறு கழிய உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னான் அவன். முதல் சில நாள் போல அது அழுவதில்லை. பால் குடிக்கும், தூங்கும். சமர்த்துப் பிள்ளை என்றான். வாழ்க்கையில் முதல்முறையாகக் குளிரை ஜெயித்துவிட்டதாக நினைத்தான், அந்தப் பெருமை அவன் நடையிலேயே தெரிந்தது.

ஒருநாள் காலையில் காற்றும் மழையும் சேர்ந்து தகரக் கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்தன. சட்டி நிறையக் கங்கு வைத்து, கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தி, கீழே சாக்கைச் செருகிவிட்டு ஸ்டோருக்குப் போனான். மத்தியானச் சோற்றுக்குத் திரும்பி வந்து தட்டினான். பதில் இல்லை. கதவைத் தள்ளினான். அறை கதகதவென்று இருந்தது. அழகுத்தாய் பிள்ளையை அணைத்தபடி ஒருக்களித்துக் கிடந்தாள். அவளை உலுக்கியதும் கண்ணைப் பாதி திறந்து ஏதோ குழறினாள். பிள்ளையை அவள் கையிலிருந்து எடுத்தான். உடம்பில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. முகம் ரோஜா நிறத்தில் இருந்தது. தலை மட்டும் பின்னால் துவண்டு விழுந்தது.

அவன் போட்ட சத்தத்தில் லயம் திரண்டது. யாரோ ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார்கள். பவுல்ராஜ் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வாசலைத் தாண்டினார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார், அதற்கப்புறம் சுவர் ஓரத்தில் அப்பியிருந்த சாணியைப் பார்த்தார். சட்டியை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு போய் மழையில் கொட்டினார். கை பொத்துப்போனது. ஜன்னல் சாக்கைப் பிய்த்து எறிந்து பலகையைத் திறந்தார். அழகுத்தாயைத் தூக்கி வாசலில் கிடத்தச் சொன்னார். சாரல் முகத்தில் அடிக்க அடிக்க அவளுக்கு நினைவு வந்தது. வந்ததும் பிள்ளையைக் கேட்டாள்.

டாக்டர் பெரியமுத்துவை ஓரமாக அழைத்துச் சொன்னார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. கரித்தணலிலிருந்து ஒரு வாயு வரும், அதற்கு மணம் இல்லை, புகை இல்லை, விளக்கையும் அணைக்காது, அதுதான் பிள்ளையைக் கொன்றது, முந்தின இரண்டையும் அதுதான் கொன்றிருக்கும் என்றார். பெரியமுத்து பிள்ளையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கோபமாகப் பேசவில்லை.

"முழிச்சுக்கிடுவான்னு சொன்னீகளேய்யா. கழுத்துல காவலு இருக்குன்னு தொட்டுக் காட்டுனீகளே."

"இந்த வாயு அதுக்குத் தெரியாது, பெரியமுத்து."

"தெரியாதுன்னா அவன் எதுக்குய்யா அங்க இருக்கான்?"

பெரியமுத்து பிள்ளையின் முகத்திலிருந்து துணியை விலக்கிக் காட்டினான்.

"நீலம் பாரிக்கும்னு சொன்னீக. பாருங்க, எப்பிடிச் செவந்து கெடக்கான். மூச்சு முட்டிச் செத்த புள்ள இப்பிடியா இருக்கும்?"

சிவப்பாக இருப்பதே அந்த வாயுவின் அடையாளம்தான் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவருக்கே தன் பேச்சு திருட்டுப்பயல் பேச்சுபோலக் கேட்டது. அன்றைக்குச் சிவப்பு நல்லது, இன்றைக்குச் சிவப்பு கெட்டது. அன்றைக்குக் காவல் உண்டு, இன்றைக்கு இல்லை. படித்தவன் வாய் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் புரளும் என்று மூக்கம்மாள் அவர் காதில் படும்படியே சொன்னாள். இனிமேல் அந்த அறையில் கரி கூடாது, ஜன்னலைச் சாத்தவே கூடாது, தாயாவது பிழைக்கட்டும் என்று கெஞ்சுகிற மாதிரி சொல்லிவிட்டு டாக்டர் போனார். வெந்த கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மழையில் போனார்.

ஏலச்செடிகளுக்கு அப்பால், முந்தின இரண்டு பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. பெரியமுத்து தகர டப்பாவால் தண்ணீரை இறைத்துவிட்டுப் பிள்ளையை உள்ளே வைத்தான். இவ்வளவு ஈரத்திலும் குளிரிலும் அவனைப் படுக்க வைக்கிறோமே என்பதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. தான் போர்த்தியிருந்த கம்பளியை அவிழ்த்துப் பிள்ளையைச் சுற்றினான். கம்பளியைப் புதைக்காதே, வேறு கம்பளி தோட்டத்தில் தரமாட்டார்கள் என்று கூட வந்தவர்கள் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை.

திரும்பி வந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. டாக்டர் திறந்த ஜன்னல் அப்படியே திறந்து கிடந்தது. அறைக்குள் பனியும் சாரலும் தாராளமாக வந்து போய்க்கொண்டிருந்தன. அழகுத்தாய் ஒற்றைச் சேலையைச் சுற்றிக்கொண்டு சுவரோடு ஒடுங்கியிருந்தாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருந்தது, உடம்பு காய்ந்தது, பல் கிடுகிடுவென்று அடித்தது. உதட்டைப் பார்த்தான். குளிரில் கருநீலமாக இருந்தது. டாக்டர் முதலில் சொன்னது அவனுக்கு நினைவுக்கு வந்தது. மூன்று பிள்ளைகளைக் கொடுத்தாயிற்று, இவளையும் கொடுக்க அவனால் முடியாது.

"கொஞ்சம் தீ போடு சாமி. என்னால தாங்க முடியல," என்றாள் அவள்.

அவன் யோசிக்காமல் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தான். கண்ணுக்குத் தெரியாத, மூக்குக்குத் தெரியாத, விளக்குக்குத் தெரியாத, கழுத்துக்குள் இருக்கிற காவலுக்கும் தெரியாத ஒன்று கொன்றது என்கிறார் ஒருத்தர். அவர் போன தடவை சொன்னதை நம்பித்தான் பிள்ளையைப் பறிகொடுத்தான். குளிர் அப்படி இல்லை. குளிர் எதிரிலேயே இருந்தது. அவன் பெண்டாட்டியின் உதட்டில் உட்கார்ந்து அவளை உலுக்கிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய் ஸ்டோர் அடுப்பிலிருந்து நல்ல கங்காக வாரிக்கொண்டு வந்தான். ஜன்னல் பலகையைச் சாத்தி, பிய்ந்து கிடந்த சாக்கைத் திரும்ப ஆணியில் மாட்டினான். சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, ஒரு பொட்டுப் புகையும் வரவில்லை என்று குனிந்து பார்த்துக்கொண்டான். அவள் காலை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் உடம்பு நடுக்கம் நின்றது, விரல்கள் நெகிழ்ந்தன. இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான். இதமாக இருக்கிறது, தூக்கம் தூக்கமாக வருகிறது என்றாள்.

"தூங்கு தாயி," என்றான்.

அடுப்பில் ஆள் இல்லை என்று கங்காணி கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவளை எழுப்பாமல் மெல்ல வெளியே வந்து, கதவைச் சாத்தி, கீழே சாக்கைச் செருகிவிட்டு அவன் வேலைக்குப் போனான்.